பிழையக்காவின் பங்காளிகள்

மருந்துப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே எட்டாக மடித்த ஒரு தாள் இருக்குமே, அதை நீங்கள் என்றாவது முழுசாகப் படித்ததுண்டா? இருக்காது. மாத்திரையை எடுத்துக்கொண்டு தாளைக் கசக்கி எறிவதுதான் உலக வழக்கம். எறும்பு ஊர்ந்தது போன்ற அந்த எழுத்தை ஒரு வரி விடாமல் படிக்கிற ஆள் பிழையக்கா. இருபத்திரண்டு வருஷமாக அச்சகத்தில் அதுதான் அவள் வேலை.

பெற்றவர்கள் வைத்த பெயர் அச்சகத்தில் எவருக்கும் ஞாபகமில்லை. பிழை பிடிக்கிற அக்கா, பிழையக்கா, அவ்வளவுதான். ஒருமுறை குழந்தைகள் மருந்துத் தாளில் ஒரு புள்ளி விழுந்துபோய், அரை மில்லி என்பது ஐந்து மில்லியாக நின்றது. இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை ஓடிப்போய் நிறுத்தியவள் இவள். அன்றிலிருந்து அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு: அக்காவின் சிவப்பு மை எங்கே விழுந்தாலும் திருத்து, ஏன் எதற்கு என்று கேட்காதே. கணினியில் எழுத்தடிக்கிற தட்டச்சர் அந்தச் சட்டத்தைத் தாய்மேல் சத்தியம் போலக் காப்பாற்றி வந்தார்.

அப்படிப்பட்டவளுக்குக் கண்ணில் புரை விழுந்தது. வலது கண்ணில் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல். டாக்டர், "ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்மா, பயப்பட ஒண்ணுமில்லை" என்றார். பயம் கண்ணைப் பற்றியது அல்ல. முன்னால் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த மனிதர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்த வாரமே பெட்டி கட்டும் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். அவர் மறுபடி மேஜைக்குத் திரும்பவே இல்லை. அதனால் அக்கா மூச்சு விடவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நாட்களை அதிகமாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். திரையில் எழுத்தை மூன்று பங்கு பெரிதாக்கிப் பார்த்தாள். எண்களை மட்டும் தன் கணவரை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லி இன்னொரு முறை சரிபார்த்தாள். ஒரு பிழையும் தப்பவில்லை.

ஆனால் வீட்டு இணைய இணைப்பு அச்சகத்தின் பெயரில் இருந்தது. கட்டணம் அவர்கள் கட்டினார்கள், சுவரில் மாட்டிய பெட்டியும் அவர்களுடையது. ஒருநாள் முதலாளி நடைவழியில் நின்றுகொண்டு, ஏதோ வானிலை விசாரிப்பதுபோல, "கண்ணுக்கு என்னம்மா? ஆஸ்பத்திரி பக்கமெல்லாம் நிறைய பார்க்கிறீங்க போலிருக்கே" என்றார்.

அக்காவுக்கு உச்சந்தலை வரை சுட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. சுவரில் இருந்த அந்தப் பெட்டி, எந்தத் தளத்துக்கு எத்தனை மணிக்குப் போனாள் என்று மாதாமாதம் பட்டியல் போட்டு அவர் மேஜைக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. "அம்மாவுக்குப் பார்த்தேன் சார்" என்று ஒரு பொய்யைச் சொன்னாள். செத்து ஆறு வருஷமான அம்மாவைச் சாட்சிக்கு இழுத்துவிட்டோமே என்று அந்தக் கோபம் வேறு சேர்ந்துகொண்டது.

தங்கையின் கணவர் எல்லாம் தெரிந்தவர். எதைக் கேட்டாலும் கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். "விபிஎன் போட்டுக்கோங்க அக்கா. உங்க வீட்டுல இருந்து ஒரு மூடின குழாய் போட்ட மாதிரி. நீங்க எங்க போறீங்க வர்றீங்கன்னு நடுவுல இருக்கிறவனுக்குத் தெரியாது. இதுக்குப் போய் யாராவது காசு கொடுப்பாங்களா? ஓசியிலேயே கிடைக்குது. இதுக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கான் பாருங்க" என்று அவரே இறக்கிக் கொடுத்தார்.

குழாய் மூடியதுதான். குழாய்க்கு மறுமுனையில் உட்கார்ந்திருப்பவன் யார் என்று அந்த மேதாவியும் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை. வெளிர் சாம்பல் எழுத்தில் முடிவில்லாமல் ஓடுகிற நிபந்தனைகள் வந்தன. வலது கண் மங்கியது, இடது கண் வலித்தது. 'படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்திவிட்டாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கின யானை தன்மேலேயேதான் விழும்.

ஐந்தாவது வாரம் அச்சகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. உங்கள் பெயரில் உள்ள இந்த இணைப்பிலிருந்து பதினொரு நாளாக ஒரு துணிக்கடையின் வாடிக்கையாளர் கணக்குகளைத் திறக்க முயற்சி நடந்திருக்கிறது, கடவுச்சொல் மாற்றி மாற்றிப் பல்லாயிரம் தடவை, விளக்கம் தரவும் என்று இணைய நிறுவனம் கேட்டிருந்தது. முதலாளி அக்காவைக் கூப்பிட்டு, எல்லாரும் பார்க்கக் கடிதத்தை மேஜையில் போட்டார்.

"திங்கட்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். விளக்கம் வரலைன்னா நான் போலீசுக்குத்தான் போகணும். அதுவரைக்கும் நீங்க வர வேண்டாம்."

"சார், நான் ஒரு துணிக்கடைக் கணக்கைத் திறந்து என்ன பண்ணப்போறேன்? எனக்கு என் கணக்கோட கடவுச்சொல்லே ஞாபகம் இருக்காது!"

"கண்ணு விஷயத்துலயும் என்கிட்ட பொய்தானே சொன்னீங்க? உங்கம்மா போய் ஆறு வருஷமாச்சே!"

இருபத்திரண்டு வருஷம் பிறர் பிழையைத் துடைத்தவள், திருடி என்ற பட்டத்தோடு பட்டப்பகலில் பை தூக்கிக்கொண்டு வீடு வந்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வீட்டில் முதலில் தங்கையின் கணவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒரு மூச்சில் எவ்வளவு திட்ட முடியுமோ அவ்வளவு திட்டினாள். அவர், "அஞ்சு நட்சத்திரம் இருந்துச்சே அக்கா" என்றார். "வானத்துல கூடத்தான் இருக்கு, போய் எண்ணுங்க" என்று வைத்துவிட்டாள். பிறகு கணவரைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"ஏங்க, இந்த நிபந்தனையை முதல்ல இருந்து படிங்க. புள்ளி, காற்புள்ளி விடாம."

அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். படிக்க ஆரம்பித்தால் குளிரில் வண்டி கிளம்புகிற மாதிரி இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் கிளம்புவார். கிளம்பிவிட்டால் நிற்கமாட்டார். யந்திரம் மொழிபெயர்த்த தமிழ் அது. வாயில் போட்டால் கல் கடித்தது. சனிக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை படித்தார். முப்பத்தெட்டாம் பக்கத்தில் வந்தது அந்த வரி.

"எங்கள் சேவையை இலவசமாக வழங்குவதற்கு ஈடாக, காற்புள்ளி, தங்கள் இணைப்பின் பயன்படாத பகுதியை எங்கள் நம்பகமான பங்காளிகள் பயன்படுத்திக்கொள்ளத் தாங்கள் சம்மதிக்கிறீர்கள், முற்றுப்புள்ளி." அவர் நிறுத்திவிட்டார். "நம்பகமான பங்காளியா? அப்படி ஒருத்தன் பூமியில பொறந்திருக்கானா?"

சொல்லமாட்டாரா பின்னே? ஒரு முழச் சுவருக்காகப் பத்து வருஷமாகத் தன் பங்காளிகளோடு வழக்காடுகிற மனிதர் அவர். பங்காளி என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்குப் புரிந்தது, எல்லாம் தெரிந்த தங்கை கணவருக்குப் புரியாமல் போயிற்று. பங்காளி என்றால் பங்கு கேட்டு உள்ளே வருகிறவன். இவள் வீட்டு இணைப்பை முகம் தெரியாத எவனெவனுக்கோ வாடகைக்கு விட்டிருக்கிறான் அந்த ஓசி விபிஎன்காரப் பாவி. வாடகைக்கு வந்தவன் இவள் வீட்டு வாசல் வழியாக நுழைந்து துணிக்கடைப் பூட்டை நோண்டியிருக்கிறான். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். ஆனால் அந்த வேலியைக் கூப்பிட்டு வயலில் நட்டவள் அவளேதான். அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அறையவில்லை. அந்தச் சனியனைக் கணினியிலிருந்து கழற்றி எறிந்தாள். "இனிமே இந்த விபிஎன்னே வேண்டாம், பார்த்தா பார்த்துட்டுப் போறாங்க" என்றார் கணவர்.

"ஏன் வேண்டாம்? ஒரு போலி மருந்தைச் சாப்பிட்டு வயித்தால போச்சுன்னா, மருந்தே வேண்டாம்னு சொல்லிடுவீங்களா? நல்லதா பார்த்து வாங்கணும். படிங்க."

ஞாயிறு முழுக்க ஏழு விபிஎன்களின் தாள்களை அவர் படிக்க அவள் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, மருந்துத் தாளைக் கேட்பதுபோலவே கேட்டாள். நடத்துகிறவன் பெயரும் முகவரியும் இல்லாததை முதல் பக்கத்திலேயே தள்ளினாள். பெயரில்லாத கம்பெனி மருந்தை எவள் வாங்குவாள்? 'எதையும் பதிவு செய்வதில்லை' என்று மேலே சொல்லிவிட்டு, இருபதாம் பக்கத்தில் 'சேவையை மேம்படுத்த' என்று நேரத்தையும் இருப்பிடத்தையும் எழுதிவைக்கிற ஒருவனை அவள் வைத நாலு வார்த்தையை இங்கே அச்சேற்ற முடியாது. பங்காளி வந்த இடத்தில் எல்லாம் கணவரே, "இதுவும் போச்சு" என்று தாளைக் கீழே போட்டார்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. காசுக்குத்தான் தந்தான். நாலே பக்கம். எங்களிடம் உங்கள் பணம் கட்டிய விவரம் இருக்கும், நீங்கள் எங்கே போனீர்கள் என்ற விவரம் இருக்காது, அதை வெளியாள் ஒருவரை வைத்து வருஷாவருஷம் சோதித்திருக்கிறோம், அறிக்கை இதோ என்று இருந்தது. அதற்குக் கீழே: நீங்கள் உங்கள் பெயரில் உள்ளே நுழைகிற தளத்துக்கு நீங்கள் யார் என்று தெரியும், அதை எங்களால் மறைக்க முடியாது, கெட்ட கோப்பை இறக்கினால் அதிலிருந்தும் எங்களால் காப்பாற்ற முடியாது.

அக்கா கண்ணைத் திறந்தாள். "இதுதான்."

"முடியாது முடியாதுன்னு எழுதியிருக்கானே?"

"பக்க விளைவு எழுதியிருக்கான். பக்க விளைவே இல்லாத மருந்துன்னு எவன் சொன்னாலும் அவன் பொய்யன். இருபத்திரண்டு வருஷமா படிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

திங்கட்கிழமை முப்பத்தெட்டாம் பக்கத்தில் சிவப்புக் கோடு போட்டு எடுத்துக்கொண்டு போனாள். முதலாளி படித்தார். இணைய நிறுவனத்தோடு தொலைபேசியில் பேசினார். இப்படி நடப்பதுண்டு என்று அவர்களும் சொன்னார்கள். போனை வைத்தவர் முகத்தில் பழைய நக்கல் திரும்பியது.

"சரி, திருட்டு நீங்க பண்ணலை. ஆனா ஒப்புக்கொண்டது நீங்கதானே? படிக்காமலா? நீங்களா?"

அறைக் கதவு திறந்திருந்தது. வெளியே தட்டச்சர் உட்பட எல்லாருடைய கைகளும் நின்றிருந்தன. இதற்குச் சரியான பதில் ஒன்றுதான் உண்டு. அதை மறைக்கத்தான் அவள் இத்தனை பாடும் பட்டாள். அவள் கதவைச் சாத்தவில்லை.

"எனக்குக் கண்ணுல புரை சார். அந்தப் பொடி எழுத்து தெரியலை. அதான் படிக்கலை. பெட்டி கட்ட அனுப்பிடுவீங்கன்னு பயந்து மறைச்சேன், அது என் தப்பு. ஆபரேஷன் வரைக்கும் என் தாளை இன்னொருத்தர் மறுபடி பார்க்கட்டும். ஆனா இதை இப்போ நான் சொல்றேன். அது வேற, நீங்க என் வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டது வேற. அதுக்கு நீங்க வெட்கப்படணும்."

முதலாளி வெட்கப்படவில்லை. வெட்கப்படுகிறவர் மாதப் பட்டியல் கேட்பாரா? மேஜை இழுப்பறையிலிருந்து ஏற்கெனவே அடித்துவைத்திருந்த ஒரு கடிதத்தை எடுத்து நகர்த்தினார். "இதுல கையெழுத்துப் போட்டுட்டு வேலையைப் பாருங்க."

பொடி எழுத்து. அக்கா அதைத் தொடவே இல்லை.

"பெரிய எழுத்துல அடிச்சுக் கொண்டுவரச் சொல்லுங்க. இனிமே படிக்காம எதுலயும் போடமாட்டேன்."

அவர் மணியை அடித்தார். தட்டச்சர் பெரிய எழுத்தில் அடித்து வந்து கொடுத்துவிட்டு, வழக்கம்போல ஓரமாக நின்றார். அக்கா சிவப்புப் பேனாவைத் திறந்தாள். முதலாளி இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. நடந்ததைச் சொல்லும் பத்தியை அப்படியே விட்டாள். 'என் வீட்டு இணையப் பயன்பாட்டை நிறுவனம் கண்காணிக்க முழுமனதுடன் சம்மதிக்கிறேன்' என்ற வரியின் மேல் ஒரே இழுப்பாக இழுத்து, நீக்குக் குறி போட்டாள். அதற்கு மேலே, இங்கே சேர் என்று சொல்லும் கூரைக்குறி வைத்து, 'கண் அறுவைக்கு மூன்று வாரம் விடுப்பு, அதன்பின் இதே மேஜை' என்று எழுதினாள். தாளைப் பின்பக்கம் நீட்டினாள். தட்டச்சர் வாங்கிக்கொண்டு போனார்.

நாலு நிமிஷத்தில் தட்டச்சர் சுத்தமான பிரதியோடு வந்து நின்றார். அக்கா கையெழுத்துப் போட்டு முதலாளி பக்கம் நகர்த்தினாள். அவர் ஒருமுறை படித்தார். தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு இன்னொருமுறை படித்தார்.

"யோவ், இந்த வரியை யார் எடுக்கச் சொன்னது?"

தட்டச்சருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"அக்கா சிவப்பு போட்டிருந்தாங்களே சார்."