மொட்டைமாடிக் கண்ணாடிக் குழாய்கள்

மண்ணூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மொட்டைமாடியில் ஒரு சோலார் வாட்டர் ஹீட்டர் இருந்தது. என் மகள் பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தபோது, குழாயைத் திறந்தால் வெந்நீர் நூல் மாதிரிதான் வரத் தொடங்கியது. அதுவும் வெதுவெதுப்புதான். பார்க்க வந்த மெக்கானிக் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. மொத்தமாக மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரர், "பாக்கலாம்மா" என்றார். ஒரு மாதம் அப்படியே போனது.

கீழ்வீட்டு அக்கா சேரப்பணஞ்சேரிக்காரர். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பகுதியில் வேலை. நான் புலம்பியதைக் கேட்டு மாடிக்கு வந்தவர், குழாயைத் திறந்து உள்ளங்கையில் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகத் துகள்கள்.

"டேங்குக்கு ஒண்ணும் ஆவல. போர் தண்ணி, உப்பு படிஞ்சிகீது. ஞாயித்துக்கிழம எனக்கு லீவு, கழுவிடலாம். மொத நாளே ட்யூபு மேல போர்வ போட்டு மூடி வை."

"எதுக்குக்கா?"

"சூடா கீற கண்ணாடில பச்சத் தண்ணி பட்டா விரிசல் வுட்டுக்கும்."

ஞாயிறு விடிந்ததும் வந்துவிட்டார். தொட்டியை வடித்துவிட்டு, நீளநீளமான கண்ணாடிக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திருகி உருவினார். எலுமிச்சை உப்பு கரைத்த நீரை ஊற்றி ஊறவைத்து, கழியில் கட்டிய பிரஷ்ஷை விட்டுத் தேய்த்தார். சுண்ணாம்பு ஏடு ஏடாக வந்து விழுந்தது. ஒரு குழாயைக்கூட அவர் இன்னொரு முறை அலசாமல் வைக்கவில்லை. மகளை மடியில் போட்டுக்கொண்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எல்லாவற்றையும் திரும்பச் செருகும்போது, கடைசிக் குழாயில் 'டிக்' என்று ஒரு சத்தம். வாய்ப்பக்கம் விரிசல்.

"ஏற்கெனவே ஒடஞ்சிருந்துச்சுன்னு சொல்லிடலாம்க்கா" என்றேன். வீட்டுக்காரருக்குத் தெரியவே போவதில்லை.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். "ரப்பர் வளையத்துல சோப்புத் தண்ணி தடவாம சொருகிட்டேன். அவசரப்பட்டது நானு. இன்னாத்துக்குப் பொய்யி?"

அங்கிருந்தே வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னார். அவர் கத்தியது எனக்கும் கேட்டது. முடிக்கும்வரை காத்திருந்து, "நானே வாங்கியாந்து மாட்டிடறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். எனக்குத்தான் அக்கா முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து, சுங்குவார்சத்திரத்தில் புதுக் குழாய் வாங்கி, பழைய புடவையில் சுற்றி, பஸ்ஸில் நின்றுகொண்டே கொண்டுவந்தார். வெயில் தாழ்ந்ததும் மாட்டித் தண்ணீர் நிரப்பினார்.

அடுத்த நாள் மதியம் வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். ஆவி பறந்தது. கேள்விப்பட்டு நேரில் பார்க்க வந்த வீட்டுக்காரர், தண்ணீரில் விரலை வைத்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். தன் வீட்டு ஹீட்டரையும் பார்க்க முடியுமா என்று அக்காவிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"வர ஞாயித்துக்கிழம துணி தொவைக்கணும் சார். அதுக்கு அடுத்த வாரம் வர்றேன்" என்றார் அக்கா.