பழைய வழியால் ஓடிய இரத்தம்

என் மகனை முதன்முதலில் சரியாகப் பார்த்தபோது அவனுடைய வலது கை சிவப்பாகவும் கால்கள் நீலமாகவும் இருந்தன. குளிரென்று நினைத்தேன். நன்றாகப் போர்த்தும்படி சொல்ல வாய் திறப்பதற்குள் தாதி அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் நயினாதீவு. பிரசவ மாதம் நெருங்கினால் எங்கள் பெண்கள் ஊரில் நிற்பதில்லை. சோழகக் காற்று (தென்மேற்குக் காற்று) தொடங்கிவிட்டால் படகு எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. நானும் நேரத்தோடு யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டுக்கு வந்துவிட்டேன். இதை முதலில் எழுதக் காரணம் உண்டு. இதே நோயுள்ள பிள்ளையோடு இதை வாசிக்கும் தாய் முதலில் தன்னைத்தான் குற்றம் சொல்லுவாள். நானும் சொன்னேன். எதைத் தின்றேன், எங்கே நடந்தேன் என்று தேடித் தேடிக் களைத்துப்போனேன். அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

பிரசவம் பிந்தியது. பிள்ளை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து, அது கலந்த நீரை மூச்சோடு இழுத்துவிட்டது. உடனே சுவாசக் கருவியில் போட்டார்கள்.

குழந்தை மருத்துவர் ஏறக்குறைய என் வயதுப் பெண். அவரும் தூங்கி நாளாகியிருக்க வேண்டும். ஒரு கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு, இருந்து சொன்னார்.

வயிற்றிலிருக்கும் பிள்ளை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ஒட்சிசன் தாயின் இரத்தத்திலிருந்து சூல்வித்தகத்தின் (எங்கள் பேச்சில் நஞ்சு) வழியாகத் தொப்புள்கொடியால் வருகிறது. நுரையீரலுக்குப் போகும் குழாய்கள் இறுகிக் கிடக்கும். அதனால் பெரும்பகுதி இரத்தம் இரண்டு குறுக்கு வழிகளால் நுரையீரலைத் தவிர்த்துப் போகும். ஒன்று, இதயத்தின் மேலறைகளுக்கு இடையிலுள்ள துவாரம். மற்றது, நுரையீரலுக்குப் போகும் பெருங்குழாயையும் உடம்புக்குப் போகும் பெருங்குழாயையும் தொடுக்கும் ஒரு சிறு குழாய்.

பிறந்து மூச்சை இழுத்ததும் நுரையீரல் விரிகிறது, இறுகிய குழாய்கள் தளர்கின்றன, இரத்தம் அங்கே பாய்கிறது. கொடியும் வெட்டப்படுகிறது. இதயத்தின் இடப்பக்கத்தில் அழுத்தம் கூடுவதால் துவாரத்தின் மடல் கதவுபோலச் சாத்திக்கொள்கிறது. சிறு குழாயும் சில நாட்களில் சுருங்கி மூடிவிடுகிறது. உலகத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் இது நடந்திருக்கிறது, ஒருவருக்கும் ஞாபகமில்லை.

என் மகனுக்கு நடக்கவில்லை. அவனுக்கு வந்தது நுரையீரல் உயர் அழுத்தம் (பிறந்த பின்பும் நுரையீரல் குழாய்கள் தளராமல் இறுகி நிற்பது).

“உங்கட பிள்ளையின்ர ரத்தம் இன்னும் வயித்துக்குள்ள இருக்கிற மாதிரித்தான் ஓடுது,” என்றார் மருத்துவர். “ஆனா இப்ப கொடி இல்லை. அதுதான் பயம்.”

கை சிவந்து கால் நீலமானதும் அதனால்தான். வலது கைக்கான இரத்தம் அந்தச் சிறு குழாய்க்கு முன்பே பிரிந்துவிடும். காலுக்குப் போவதில் ஒட்சிசன் குறைந்த இரத்தம் கலந்துவிடும். அதனால் கையில் ஒரு வயரும் காலில் ஒரு வயரும் மாட்டியிருந்தார்கள். திரையில் ஒட்சிசன் அளவைக் காட்டும் இரண்டு இலக்கங்கள். காலின் இலக்கம் உயர்ந்து கையோடு சேர வேண்டும். அதைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

தொட விடவில்லை. தொட்டாலும் சத்தம் போட்டாலும் குழாய்கள் இன்னும் இறுகுமாம். தூங்க மருந்து கொடுத்து, காதையும் மூடி வைத்திருந்தார்கள். பாலைப் பிழிந்து கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தையல் வலித்தது, கால் வீங்கியது. பிள்ளைக்கு ஒன்றும் செய்யாமல் நிற்பதுபோல உடம்பை முறிக்கும் வேலை வேறில்லை.

என் கணவர் மருத்துவர் சொன்னதை அப்படியே தொலைபேசியில் மாமாவுக்கு, அதாவது தன் தகப்பனுக்கு, ஒப்புவித்தார். மாமா தென்பகுதியில் நெடுங்காலம் கடை நடத்தியவர். கேட்டதை வரி தவறாமல் பிறருக்கும் சொல்லுவார். ஊர் அதைத் தன் பாட்டுக்கு விளங்கிக்கொண்டது. கனடாவிலிருந்து ஒரு மச்சாள் தொலைபேசி எடுத்து, இன்னும் பிள்ளை பிறக்கவில்லையாமே, ஏன் வெட்டி எடுக்கவில்லை என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது.

ஒரு பின்னேரம் கால் இலக்கம் விழுந்தது. கையும் விழுந்தது. மருந்தை மாற்றினார்கள், கருவியின் அழுத்தத்தைக் கூட்டினார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள். ஓடையில் (நடைபாதையில்) சுவரைப் பிடித்தபடி நின்றேன். அவன் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு தூங்கலாம் என்றும் நினைத்தேன். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். உங்களுக்கும் அந்த நினைப்பு வரலாம், வந்தால் நீங்கள் கெட்ட தாயல்ல.

அவன் போகவில்லை. அடுத்தடுத்த நாட்களில் கால் இலக்கம் மெல்ல மெல்ல ஏறி, ஒரு காலையில் இரண்டும் ஒன்றாக நின்றன. ஸ்கான் எடுத்துப் பார்த்த மருத்துவர், குழாய் மூடிவிட்டது என்றார். அன்று மாமா காற்றோடு காற்றாகக் கடல் தாண்டி வந்திருந்தார். மருத்துவரை மறித்து ஒரு கேள்வி கேட்டார்.

“டொக்டர், அந்தக் குழாய் பூட்டின நேரம் சொல்ல ஏலுமோ?”

“ஏலாது ஐயா. நேற்றுப் பாக்கேக்க திறந்திருந்தது, இண்டைக்குப் பூட்டியிருக்கு. இடையில எப்ப எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.”

“அப்ப இண்டைக்கு எண்டே வைப்பம்,” என்றார் மாமா.

துடக்குக் கணக்குக்குத்தான் கேட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு (பிறப்புத் தீட்டு). அது கழியும் வரை குடும்பத்தார் கோயிலுக்குப் போவதில்லை. பிறந்த நாளிலிருந்து எண்ணினால் அம்மன் கோயில் தேருக்கு முன்பே கழிந்துவிடும். மாமா குழாய் மூடிய நாளிலிருந்து எண்ணினார். குருக்களே பிழை என்று சொல்லியும் கேட்கவில்லை. ஒரு வருடமும் விடாமல் வடம் பிடித்த மனிதர் அந்தத் தேரன்று வீட்டுக்குள் இருந்து மேளச் சத்தத்தைக் கேட்டாராம்.

நாங்கள் கிளினிக்குக்காக இன்னும் சித்தி வீட்டில்தான் இருந்தோம். தொலைபேசியில் அவரோடு சண்டை பிடித்தேன். பிறந்தது பிறந்ததுதானே, எதற்கு இந்தப் பிடிவாதம் என்றேன். அவர் சொன்னார்.

“சாதகத்துக்குப் பிறந்த நேரம்தான், பிள்ளை, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அந்த நாளெல்லாம் நீர் அவனைச் சுமந்துகொண்டுதானே இருந்தனீர்.”

அதுவரை நான் அழவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, சித்தியின் குசினி அடுப்படியில் நின்று ஆசைதீர அழுதேன்.

இப்போது அவன் தவழ்கிறான். எங்கள் வீட்டு முற்றம் முழுவதும் அவனுடையது. நெஞ்சில் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனாலும் குளிப்பாட்டும்போது முதலில் வலது கையைப் பார்க்கிறேன், பிறகு காலைப் பார்க்கிறேன். மற்றவர்கள் பிள்ளையின் மாதத்தைக் கேட்டால் உடனே பதில் வருவதில்லை. எதிலிருந்து எண்ணுவது என்று ஒரு கணம் தடுமாறுகிறேன்.

சிலவேளை வீறிட்டு அழுது மூச்சடக்குவான். உதடு கறுக்கும். அப்போது நான் அறியாமலே நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடிக்கிறேன். நேற்றும் அப்படித்தான் நின்றேன். கணவர் பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டார்.

“அவன் தானா இழுப்பான். நீர் மூச்சை விடும்.”

மகன் இழுத்தான், திரும்பவும் அழத் தொடங்கினான். அவனுடைய இரத்தம் எப்போதோ புது வழிக்கு மாறிவிட்டது. என்னுடையதுதான் இன்னும் அவனுக்காக ஓடிக்கொண்டிருக்கிறது.