இகுவானாவை ஏரியில் விடாதே

சென்ற குளிர்காலத்தில் ஒருநாள் காலை குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளிக்கொண்டு போனபோது, மரத்திலிருந்து உடும்பு போன்ற பெரிய பல்லியான இகுவானா ஒன்று என் தோளில் விழுந்து புல்லில் மல்லாந்தது. வாலோடு அளந்தால் என் இடுப்பு உயரம் வரும். சாகவில்லை. ஃப்ளோரிடாவில் குளிர் கொஞ்சம் கூடினால் இவை விறைத்துப்போய்க் கிளையிலிருந்து உதிரும், வெயில் ஏறியதும் எழுந்து ஓடும். வேறு ஊர்க்காரியாக இருந்தால் அலறியிருப்பாள். நான் காஞ்சிபுரத்துக்காரி. விழுந்தது வலது தோளா இடது தோளா என்றுதான் முதலில் யோசித்தேன்.

எங்கள் ஊர் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் உண்டு. பல்லி விழுந்த தோஷம் அவற்றைத் தொட்டால் போகும், தொட்டவரைத் தொட்டாலும் போகும் என்பார்கள். இங்கிருக்கும் தமிழ் நண்பர்கள் தங்கள் மேல் பல்லி விழுந்தால் என்னைத் தேடி வந்து கையைத் தொட்டுவிட்டுப் போவார்கள். பெரிய படிப்புப் படித்தவர்களும்தான். எனக்கே விழுந்தால் யாரைத் தொடுவது என்று தெரியாமல் நின்றேன்.

பக்கத்து வீட்டு வால்டர் வேலியருகே வந்தார். ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர். "வீட்டுக்குள் எடுத்துப் போகாதே, சட்டப்படி குற்றம்" என்றார். நான் தோஷத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். "ஓ, உங்கள் ஊரில் இதைக் கும்பிடுவீர்களா?" என்றார். இல்லை என்று சொன்னதை நம்பவில்லை. பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்து, "இதெல்லாம் இந்த மண்ணைச் சேர்ந்ததில்லை. வந்தது, பெருகியது, எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது" என்றார். சொன்ன கையோடு முகம் சிவந்து, "உன்னைச் சொல்லவில்லை" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

நான் இகுவானா இல்லை வால்டர் என்று அவரிடமே சொன்னேன். நான் விண்ணப்பம் போட்டு, வரிசையில் நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி வந்தவள். இது அப்படி வந்ததா? யாரோ ஆசைப்பட்டுக் குட்டியாக வாங்கினார்கள். வளர்ந்ததும் அலுத்துப்போய் வெளியே விட்டார்கள். இன்று அதன் சந்ததி பூச்செடிகளைத் தின்கிறது, கரைகளைக் குடைகிறது. குற்றம் அதனுடையது இல்லை, விட்டவனுடையது. ஆனாலும் வெயில் ஏறுமுன் பிடிப்பவரை வரவழைத்து அதை ஒப்படைத்தேன். கொல்லத்தான் கொண்டுபோகிறார் என்று தெரியும். பாவமாகத்தான் இருந்தது.

அதே வாரம் காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டு வீட்டிலிருந்து தம்பி சேகர் வீடியோவில் வந்தான். நாலு வருடத்துக்கு முன் சென்னையில் ஒரு கடையில் உள்ளங்கை அளவு இகுவானாக்கள் இரண்டை வாங்கி, தோளில் உட்காரவைத்து ரீல்ஸ் போட்டவன். இப்போது அவை அவன் கை நீளத்தைத் தாண்டிவிட்டன, பெட்டை ஒருமுறை முட்டையும் இட்டுவிட்டது. வீட்டில் கைக்குழந்தை வந்ததிலிருந்து அவன் மனைவிக்குப் பயம். விற்ற கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டேன் என்கிறார்.

"வெள்ளிக்கிழம ஏரில விட்டுடலாம்னு இருக்கறோம்கா. பல்லி ஜாதியாச்சே, கொன்னா கொழந்தைக்கு ஆவாதுன்னு அம்மா சொல்லிக்கினு இருக்குது."

பின்னாலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "உசுரோட விட்டா புண்ணியம்மா. விட்டுட்டு அப்டியே கோயிலுக்குப் போயி பல்லியத் தொட்டுட்டு வந்துடறோம்."

எங்கள் ஊர்க்காரர்களால் மட்டுமே செய்ய முடிந்த தவறு இது, கற்பூரம் ஏற்றாத குறை. நான் போனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் கால்வாய்க்கு ஓடினேன். வளை வளையாகக் குடைந்த கரையையும், மழையில் சரிந்து தண்ணீருக்குள் கிடக்கும் வால்டரின் பின்வேலியையும் காட்டினேன். "நம்ம ஏரிக்கரைய இப்டி கொடஞ்சா தண்ணி எங்கடா வரும்? நம்ம தெருவுக்குத்தான் வரும். அப்ப அதுங்கள நீதான் அடிச்சிக் கொல்லணும். விடாத!"

"நீ அங்க உக்காந்துக்கினு நம்ம ஏரியப் பத்திப் பேசாதக்கா. ஊர்ல இருக்கறது நாங்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.

வால்டர் சொன்னதைவிட இது அதிகமாக வலித்தது. இங்கே நான் வந்தவள், ஊரில் நான் போய்விட்டவள். அப்படியானால் நான் வாய் திறக்க எந்த ஊரில்தான் இடம்? இடத்தைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை என்று தோன்றியது. எனக்கென்று அம்மா வீட்டு மாடியில் ஓர் அறை இருக்கிறது. என் கட்டில், என் பீரோ. வருடத்துக்கு மூன்று வாரம் நான் படுக்க, மீதி நாளெல்லாம் பூட்டு. உடனே திரும்பக் கூப்பிட்டேன்.

"என் ரூமத் தொற. கட்டில வெளிய போடு. கம்பிவலை அடிச்சி ஆணத் தனியா, பொட்டையத் தனியா அடை. வெளிநாட்டுப் பிராணின்னு சர்க்கார்ல பதிவு பண்ணு. நீ வாங்கின ஜீவன், அதும் ஆயுசு மட்டும் நீதான் பாக்கணும்."

சேகர் போனை அம்மாவிடம் நீட்டினான். அம்மா கேட்டாள், "நீ வந்தா எங்க படுப்பம்மா?"

"ஹால்ல பாய் போடு."

"கல்யாணமாயிப் போன பொண்ணுக்கு ரூம் இல்லன்னு ஊரு பேசும்மா."

"பேசட்டும். ஏரில மட்டும் விடாத."

வெள்ளிக்கிழமை ஏரிக்கு யாரும் போகவில்லை. வலையடித்த என் ஜன்னலின் படம் ஒன்று சேகரிடமிருந்து வந்தது, கூட ஒரு வார்த்தையும் இல்லை. அவன் கோபம் எனக்குப் பழகியதுதான்.

இந்த வருடம் ஊருக்குப் போனேன். மதியம் ஹாலில் பாயில் படுத்திருந்தேன். அம்மாவைப் பார்க்க வந்த எதிர்வீட்டு அக்கா, மாடியில் தரையைப் பிராண்டும் சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்தார். "மேல யாருமா இருக்கறாங்க?"

"அது என் பொண்ணு ரூமு" என்றாள் அம்மா, முகத்தைத் திருப்பாமல்.

அந்த அக்கா பாயில் கிடந்த என்னையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எழுந்து பாயைச் சுருட்டி வைத்தேன். இகுவானாக்களுக்கு வாங்கி வைத்திருந்த கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு மாடியேறி என் அறைக்குள் போனேன்.