பதினாறு வோல்ட்டில் ஒரு பாட்டு

"...பதினாலு வோல்ட்டுல நிக்கற வரைக்கும் இது பசு மாடு. அதத் தாண்டுச்சுன்னா காளை. சத்தம் சும்மா தூக்கும், ஆனா உள்ள கப்பாசிட்டர் வெடிச்சுப்போடும். இந்தத் திருகத் தொடாத கண்ணு" என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டியபடி அந்தத் திருகையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருமத்தம்பட்டியில் என் தங்கைக்குக் காதுகுத்து. சித்தப்பா கார்களுக்கு ஸ்பீக்கர் செட் மாட்டும் கடை வைத்திருந்தார். மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரி ஒருவரின் காரிலிருந்து கழற்றிப் பழுதுபார்த்த ஆம்ப்ளிஃபயரைப் பந்தலுக்கே தூக்கி வந்துவிட்டார். "சோதிச்சாப்பலயும் ஆச்சு, பாட்டுப் போட்டாப்பலயும் ஆச்சுங்க" என்பது அவர் கணக்கு. வியாபாரி மத்தியான விருந்துக்கு வந்து கையோடு எடுத்துப் போவதாகப் பேச்சு. அது புகைந்தால் கடையின் பேரும் சேர்ந்து புகையும்.

கார் பேட்டரிக்குப் பதிலாக, வீட்டுக் கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு பெட்டி. அதில் வோல்ட்டைக் காட்ட ஒரு முள், கூட்டிக் குறைக்க ஒரு திருகு. பதினாலின் மேல் சித்தியின் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு.

நான் ஆட வேண்டும். பத்து நாள் பழகியிருந்தேன். ஆனால் பக்கத்து விசைத்தறிக் கொட்டகையில் அவசர ஆர்டர், தறியை நிறுத்தவில்லை. பாட்டை முழுசாகக் கூட்டி வைத்தும் தறிச் சத்தம்தான் கேட்டது.

"ஏனுங்க, புள்ள எதுக்குங்க சும்மா கையக் கால ஆட்டுது?" என்று அத்தை அம்மாவிடம் கேட்டது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

சித்தப்பா பந்தி விசாரிக்கப் போயிருந்தார். ஆடுகிற சாக்கில் பெட்டிப் பக்கம் போய்த் திருகைத் திருப்பினேன். முள் பதினாறில் நின்றது. பாட்டு எழுந்து தறியை விழுங்கிவிட்டது. பந்தலே திரும்பிப் பார்த்தது.

அதற்குப்பின் நான் ஆடியது ஆட்டமே இல்லை. கண் முழுக்கப் பெட்டியில், மூக்கு முழுக்கப் புகை வருகிறதா என்பதில். சனம் அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டது.

சித்தப்பா வந்தார். முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெரியப்பா முன்னால் சுழன்ற ஃபேனை இழுத்து ஆம்ப்ளிஃபயர் பக்கம் திருப்பினார்.

"ஏப்பா, வேர்க்கறது எனக்கா, அந்தப் பொட்டிக்கா?" என்றார் பெரியப்பா.

"ரெண்டு பேருக்குந்தானுங்க. அதுக்கு வாயில்லீங்களே."

பிறகு சித்தப்பா பெட்டியின் சுவிட்ச் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். பாட்டு முடிந்ததும் என்னை அடிக்கத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன்.

பாட்டு முடிந்தது. புகையில்லை, வெடிக்கவில்லை. முள்ளைக் கோட்டுக்கு இறக்கிவிட்டு ஆம்ப்ளிஃபயரைத் தொட்டவர் கையை வெடுக்கென்று எடுத்து உதறினார். வியாபாரி வந்து, உண்டு, ஒரு பாட்டுப் போட்டுக் கேட்டார். "நல்லாருக்குதுங்க" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அடி விழாததே பெரிது என்று இரண்டாம் முறை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

திருகைக் குறைக்க ஒரு நொடி போதும். பாட்டு முடியும்வரை அவர் ஏன் விட்டுவைத்தார் என்று அன்றைக்கு எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

வியாபாரியின் கார் தெரு திரும்பியதும் சித்தப்பா சித்தியிடம் நெயில் பாலிஷைக் கேட்டு வாங்கினார். பதினாறின் மேல் சின்னதாக இன்னொரு கோடு போட்டு, காயட்டும் என்று ஊதினார்.