தெசாங்காவின் வாசலுக்கு வந்த ஃபிச்சா

ஜிவாதின் கேட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, யாரோ ஒருவனுடைய டிராக்டரில் கயிறு கட்டி அந்த வண்டியை இழுத்து வந்து தெசாங்காவின் முற்றத்தில் விட்டான். டிராக்டர்காரன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். இனி அவள் முடியாது என்று சொன்னாலும் வண்டி வெளியே போக வழியில்லை. தெசாங்காவுக்கு முதலில் நாறியது இந்தத் தந்திரம்தான். வண்டியின் நாற்றம் அப்புறம்தான் மூக்கில் ஏறியது.

எலி மூத்திரமும் ஊறிப்போன கம்பளியும் கலந்த நாற்றம். அதை மறைக்க உள்ளே மூன்று வாசனை அட்டைகளைத் தொங்கவிட்டிருந்தான். செத்த பிராணிக்கு சென்ட் அடித்தது போல இருந்தது.

வண்டி அறுபத்தொன்பதாம் வருஷத்து ஃபிச்சா. எஞ்சினைப் பின்னால் வைத்த குட்டிக் கார். செர்பியாவில் அதைப் பார்த்தால் பெரிய மனிதர்கள்கூடக் குழந்தையைக் கண்டதுபோல இளிப்பார்கள். ஜிவாதினும் அப்படித்தான் இளித்துக்கொண்டு நின்றான்.

"கூமா! பாரேன், எப்படி மின்னுது!"

கல்யாணத்தில் சாட்சி நின்றவர்களைத்தான் அப்படி முறை சொல்லிக் கூப்பிடுவார்கள். தெசாங்காவின் கொழுந்தன் கல்யாணத்துக்கு அவன் சாட்சி நின்றான். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பத்தில் இருக்கிற எல்லோருக்கும், நாய் தவிர, முறை சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"மின்னுது. சுவருக்கு அடிக்கிற பெயிண்டா?"

"எப்படிக் கண்டுபிடிச்சே? நானே ரோலர் வெச்சு அடிச்சேன்."

"கண்டுபிடிக்கிறதுக்கு என்ன இருக்கு? ரோலர் முடி ஒட்டிக்கிட்டு இருக்கே."

தெசாங்காவுக்கு நாற்பத்தைந்து வயது. வால்யெவோ பஸ் டிப்போவில் டிங்கரிங் பிரிவில் இருபத்து நான்கு வருஷம். நசுங்கிய பஸ்ஸை நிமிர்த்தத் தெரிந்த பெண் அந்த மாவட்டத்திலேயே அவள் ஒருத்திதான் என்பார்கள். அவளுக்கு அதில் பெருமையெல்லாம் கிடையாது. டிப்போ வேலை முடிந்தால் வீட்டு ஷெட்டில் தெரிந்தவன் கார், தெரிந்தவனுக்குத் தெரிந்தவன் கார். கடைசியாக நின்ற கார் மூன்று வருஷம் நின்றது. மார்ச் மாதம் அது போன அன்றைக்கு, இனி யாருடைய வண்டியும் இந்த வாசலுக்குள் வராது என்று புருஷன் திஹோமிரிடம் கையடித்துச் சொல்லியிருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை முதல் பதினைந்து நாள் விடுப்பு. கடற்கரையில், சுதோமோரேயில், ஓர் அறை சொல்லிவைத்திருந்தார்கள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் கடல்.

அந்த ஊரில் பிடிக்காதவன் வந்தாலும் காபி வைக்காமல் இருக்க முடியாது. திஹோமிர் காபி வைத்தான். ஜிவாதின் தண்ணீர் பாட்டிலில் பிளம் சாராயம் கொண்டுவந்திருந்தான். அதை மேஜையில் வைக்கும்போது, பெண் கேட்டு வந்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டான்.

"நெவேனாவுக்குப் பன்னிரண்டு நாள்ல கல்யாணம். எம் பொண்ணு இதுலதான் சர்ச்சுக்குப் போகணும். முன்னாடி பூ, பின்னாடி ஊர்வலம், ஹாரன் சத்தம். நினைச்சுப் பாரு!"

"நினைச்சுப் பார்த்தேன். உள்ளே நாறுதே."

"அதெல்லாம் காத்துல போயிடும். கதவுக்குக் கீழே கொஞ்சூண்டு துரு. பட்டி வெச்சு, தேய்ச்சு, மேல ஒரு கோட்டிங். உனக்கு அது ரெண்டு நாள் வேலை. உன் கைக்கு என்ன அது!" பிறகு காபியை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான்: "அம்மா எப்படி இருக்காங்க? நடக்கறாங்கல்ல?"

வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன் தெசாங்காவின் அம்மா இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபோது, ஆஸ்பத்திரிக்குத் துணி சலவை வண்டி ஓட்டும் ஜிவாதின் யாரிடமோ ஒரு வார்த்தை சொன்னான். மூன்றாம் நாள் படுக்கை கிடைத்தது. அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும் அம்மாவின் நடையை விசாரிக்கிறான். பதிலுக்கு எதையும் கேட்க மாட்டான். விசாரிக்க மட்டும் செய்வான்.

"நடக்கறாங்க," என்றாள் தெசாங்கா. வாயில் காபி கசந்தது. "எந்திரி. காட்டு."

ரப்பர் விரிப்பைத் தூக்கியதும் திஹோமிர் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். கம்பளி கறுத்துக் கொழகொழவென்று கையோடு வந்தது. பின் சீட்டின் பஞ்சுக்குள் எலிக்கூடு. அதில் எப்போதோ செத்துக் காய்ந்த குஞ்சுகள், சுருங்கின திராட்சை மாதிரி. தெசாங்கா இருமினாள். திருப்புளியை எடுத்துக் கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள். அந்தச் சட்டம்தான் வண்டியின் முதுகெலும்பு. திருப்புளி ரொட்டிக்குள் போவதுபோல் போய்விட்டது. இழுத்தபோது மஞ்சள் நுரை ஒட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் சந்துகளை அடைக்க பீய்ச்சுகிற நுரை.

"யாரு உனக்கு இதைச் செஞ்சது?"

குழாய் பார்க்க வருகிறவனும் ஓடு பதிக்க வருகிறவனும், பல் வைத்தியரும்கூட, அந்த நாட்டில் வேலையை இந்தக் கேள்வியில்தான் தொடங்குவார்கள். முன்னால் செய்தவனைத் திட்டித் தீர்த்த பிறகுதான் கருவியில் கை வைப்பார்கள். வேலை கொடுத்தவன் அதுவரை தலையைத் தொங்கப்போட்டு நிற்க வேண்டும். தெசாங்கா இந்தத் திட்டுக்குப் பேர்போனவள். டிப்போவில் அவள் தொடங்கினால் டிரைவர்கள் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு சுற்றி நின்று கேட்பார்கள்.

"நுரையாம் நுரை! துருவுக்கு மெத்தை போட்டுத் தூங்க வெச்சிருக்கான். இதைச் செஞ்சவன் தகடு அடிக்கிறவனா, கேக் சுடறவனா? இவனை எந்த அம்மா பெத்தா?"

"அதானே!" என்றான் ஜிவாதின், உற்சாகமாக.

"மேல பட்டி, ரெண்டு விரல் கனம். அதுக்கு மேல தார். தாருக்கு மேல உன் சுவர் பெயிண்ட். அவன் கை ரெண்டும் கழண்டு விழ! இதுல ஜாக்கி வெச்சா எங்கே தாங்கும்? திஹோமிர், தூக்கு."

ஜாக்கி ஏற ஏற வண்டி நடுவில் மெல்ல வளைந்தது. திறந்திருந்த கதவைச் சாத்தினாள். பூட்டு இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு விரல் கீழே கதவு போய் முட்டியது. மறுபடியும் சாத்தினாள். மறுபடியும் முட்டியது.

"பாத்தியா? நாலு பேர் ஏறி ஒரு பள்ளத்துல இறங்கினா ரெண்டா மடியும். உம் பொண்ணு வெள்ளை கவுனோட ரோட்டுல உட்காருவா. இது எனக்கு வேணாம் ஜிவாதின். எவன் செஞ்சானோ அவன்கிட்டயே கொண்டு போய் விடு."

"மூணு கை மாறி வந்த வண்டி, கூமா. எவன்னு நான் எங்கே போய்த் தேடறது?"

அவள் இன்னும் கொஞ்சம் சுரண்டினாள். திட்டுவதற்கு மேலும் ஏதாவது அகப்படும் என்கிற ஆசையில்தான் சுரண்டினாள். தார் செதில் செதிலாகப் பெயர்ந்தது. அடியில் ஒரு கை அகலத் தகடு, ஒட்டுப் போட்டது. தகட்டில் மஞ்சள் பெயிண்ட். மஞ்சளில் கறுப்பாக இரண்டரை எழுத்து.

ஊர்ப்பெயர்ப் பலகை. இரும்பில் செய்த பழைய பலகை.

தெசாங்கா குனிந்தபடியே இருந்தாள். தொண்ணூற்று நாலு. நாட்டுக்கு எதையும் விற்கக் கூடாது என்று உலகம் தடை போட்டிருந்த வருஷம். டிப்போவில் ஒரு துண்டுத் தகடு கிடையாது. கொலுபாரா ஆற்றுப் பாலத்தருகே லாரி மோதிச் சாய்ந்து கிடந்த பெயர்ப் பலகையைத் தோளில் சுமந்து வந்து நான்காக வெட்டினாள். நான்கு வண்டிகளுக்குப் போட்டாள். அதில் ஒன்று பள்ளிக்கூட வாத்தியாரின் சிவப்பு ஃபிச்சா. அவளுக்கு இருபத்திரண்டு வயது. வெல்டிங் கம்பியும் தட்டுப்பாடு. ஓரம் முழுக்கப் பற்றவைக்காமல் அங்கங்கே புள்ளி வைத்தாள். மிச்சத்தைத் தாரால் மறைத்து, வாத்தியாரிடம், "இனி உங்க பேரன்கூட இதுல போவான் சார்," என்றாள். வாத்தியார் ஒரு முட்டைக்கோஸும் அரைக் கிலோ காபியும் கொடுத்தார். அந்தக் காலத்தில் காபி தங்கம்.

புள்ளிகளை எண்ணிப் பார்த்தாள். ஒன்பது. அவளே எண்ணி எண்ணி வைத்த ஒன்பது. நுரை பின்னால் வந்தவன் வேலை. ஆனால் அழுகல் தொடங்கியது இந்த ஒட்டிலிருந்துதான். தண்ணீர் உள்ளே போக வழி விட்டவள் அவள்தான். அவள் தன் கைகளைப் பார்த்தாள். எலிக்கூட்டின் பஞ்சு இன்னும் நகத்தில் இருந்தது.

தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி உள்ளே போனாள். திஹோமிர் பின்னாலேயே வந்தான்.

"என்ன ஆச்சு? முகம் வெளுத்துப் போச்சே."

"அது என் வேலை."

"எது?"

"அந்த ஒட்டு. வாத்தியார் வண்டிதான் இது."

திஹோமிர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறமென்ன? முடியாதுன்னு சொல்லிட்டே இல்ல, அதோட விடு. தாரைத் தடவி மூடிட்டு டிராக்டரை வரச் சொல்லு. வெள்ளிக்கிழமை நாம கிளம்பறோம்."

"இங்கேருந்து போனா அவன் எங்கே போவான்? ஸ்டேஷன் பக்கத்துல பட்டி அப்பறவன்கிட்ட. அவன் ரெண்டு நாள்ல அப்பி அனுப்புவான். அந்தப் பொண்ணு ஏறி உட்காரும்."

"ஊர்ல இருக்கிற எல்லா ஓட்டை வண்டிக்கும் நீயா காவல்?"

"எல்லா வண்டிக்கும் இல்ல."

"அவன் வேணும்னேதான் உன் கழுத்துல கட்டினான். அதை மறந்துடாதே."

"மறக்கலை. அவனை நினைச்சாலும் குமட்டுது. என்னை நினைச்சா அதைவிட அதிகமா குமட்டுது. சரியா?"

வெளியே ஜிவாதின் இரண்டாவது காபியை ஊற்றிக்கொண்டிருந்தான். தெசாங்கா நேரே அவன் முன்னால் போய் நின்றாள்.

"உனக்கு இதைச் செஞ்சது நான்தான்."

"என்னது?"

"அடியில இருக்கிற ஒட்டு. தொண்ணூத்தி நாலுல நான் போட்டது. மோசமான வேலை. தெரிஞ்சேதான் செஞ்சேன்."

அவன் கோபப்படுவான், குறைந்தபட்சம் கேலி செய்வான் என்று எதிர்பார்த்தாள். அப்படி நடந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். ஆனால் ஜிவாதினுடைய முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எழுந்து வந்து அவள் கன்னத்தில் மூன்று முத்தம் வைத்தான். பிளம் வாடை அடித்தது.

"கூமா! உன் வேலையா? இருபத்து மூணு வருஷம் தாங்கியிருக்கே! அந்தக் காலத்துல, ஒண்ணுமில்லாத காலத்துல! நான் ஏன் வேற எவனையாவது தேடணும்? அதையே திருப்பிப் போடு. அதே மாதிரி ஒரு துண்டு, கொஞ்சம் தார். முடிஞ்சுது!"

"தாங்கலை. அழுகிடுச்சு. கதவு சாத்தலையே, பாக்கலையா நீ?"

"கதவைக் கயித்தால கட்டிக்கலாம். கயித்துல பூவைச் சுத்திட்டா யாருக்குத் தெரியும்? சர்ச் என்ன, ரெண்டு கிலோமீட்டர்தானே. போட்டோவுல வர்ற பக்கம் மட்டும் நல்லா இருந்தா போதும். வலது பக்கம்."

தெசாங்கா அவனைப் பார்த்தாள். தன் பெண்ணைக் கயிற்றால் கட்டிய கதவுக்குப் பின்னால் உட்காரவைத்து, போட்டோவில் எந்தப் பக்கம் விழும் என்று கணக்குப் போடுகிறவன். அவனுக்கு அவள் செய்த மோசமான வேலை ஒரு நற்சான்று.

"சாவியைக் குடு," என்றாள்.

"எதுக்கு? வண்டிதான் ஓடாதே."

"குடு."

கொடுத்தான். அவள் ஷெட்டுக்குப் போய்க் கண்ணாடியை மாட்டி, தகடு அறுக்கும் கிரைண்டரை எடுத்து வந்தாள்.

"இப்பவே ஆரம்பிக்கறியா? நான் சொல்லலை? தங்கமான கை!" என்று ஜிவாதின் திஹோமிரிடம் சொன்னான்.

திஹோமிருக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம் தெசா," என்றான். "கடலுக்குப் போகணும்."

"நீ போயிட்டு வா. அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போ. மணல்ல நடந்தா இடுப்புக்கு நல்லதாம்."

கிரைண்டர் அலறியது. பெயிண்ட் கருகி, தார் கருகி, நுரை புகைந்து, முற்றம் முழுக்கக் குமட்டும் புகை. இந்தப் பக்கக் கதவின் அடியிலிருந்து சக்கரம் வரை ஒரே கோடாக அறுத்தாள். பிறகு மேலே ஒரு கோடு. ஜிவாதின் ஏதோ கத்தினான். கேட்கவில்லை. இரண்டு கோடும் சந்தித்த இடத்தில் சட்டம் மொத்தமாகக் கழன்று கான்கிரீட்டில் விழுந்து உடைந்தது. உள்ளிருந்து பழுப்புச் சேறும் புழுவும் நனைந்த செய்தித்தாளும் சரிந்து கொட்டின. ஃபிச்சா ஒரு முனகல் முனகிவிட்டு அந்தப் பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"என்ன பண்ணிட்டே!" ஜிவாதினின் குரல் கீச்சென்றது. "பன்னிரண்டு நாள்ல கல்யாணம்!"

"செப்டம்பர்ல தரேன். புதுத் தகடு, முழு வெல்டிங். தகடு நீ வாங்கித் தருவே, நான் எழுதித் தர அளவுல. அதுவரைக்கும் பொண்ணு டாக்சியில போகட்டும்."

"நான் கேட்டது இதில்லையே!"

"நீ கேட்டது எனக்குக் காதுல விழுந்துச்சு."

"வேற எங்கேயாவது கொண்டு போறேன்! இப்பவே!"

"எப்படி? தூக்கிக்கிட்டா?"

அவன் சாய்ந்து நின்ற வண்டியைப் பார்த்தான். டிராக்டர் போன வழியைப் பார்த்தான். வாயைத் திறந்தான், அம்மாவைப் பற்றி ஏதோ கேட்க வந்தவன்போல இருந்தது. புகை தொண்டையில் போய் இருமினான். அதற்குள் தெசாங்கா அவன் கையில் ஒரு முறத்தையும் துடைப்பத்தையும் திணித்தாள்.

"புழு தோட்டத்துப் பக்கம் ஊர்ந்து போறதுக்குள்ள அள்ளு. நான் மறு பக்கம் அறுக்கணும்."