நசேரியன் இடம் மாற்றிய முளைக்கட்டைகள்

1. வெறும் தரை

காலையில் போய்ப் பார்த்தபோது ஒரு முளைக்கட்டையும் இல்லை. முந்தின நாள் முழுக்க நானும் சிவா அண்ணையும் டேப் பிடித்து, மூலைமட்டம் பார்த்து, நூல் கட்டி அடித்த பதினாறு கட்டைகள். கென்யாவில் ஒரு மசாய் கிராமத்தின் முதல் வகுப்பறைக்கான செட்டிங் அவுட் அது, அதாவது அத்திவாரக் கோடுகளை நிலத்தில் குறிப்பது.

லண்டனிலிருந்து இரண்டு கிழமை லீவு எடுத்துப் போன தொண்டர்கள் ஆறு பேர் நாங்கள். சிவா அண்ணை மோர்டனில் கட்டட வேலை எடுத்துச் செய்பவர். நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சைட் எஞ்சினியர். வகுப்பறையின் படம் என்னுடையது. நான் தனியாக வரைந்த முதல் படம்.

"ஆர் புடுங்கினது? மாடு கீடு மிதிச்சிட்டுதோ?" என்றார் அண்ணை.

"மாடு நூலையும் சுத்தி எடுத்துக்கொண்டு போகுமோ, அண்ணை?"

அப்போதுதான் கண்டோம். எண்பது அடி தள்ளி, மேட்டில், பதினாறு கட்டைகளும் நூலோடு நின்றன. பக்கத்தில் நான்கு பெண்கள் இருந்தார்கள். நடுவில் இருந்தவரின் பெயர் நசேரியன் என்று பிறகு அறிந்தோம்.

2. கேட்காத கேள்வி

மழைக்காலம் தொடங்க முன்னர் கூரை ஏறியாக வேண்டும். பிள்ளைகள் மரத்தடியில் படித்துக்கொண்டிருந்தார்கள். மழை வந்தால் வகுப்பு இல்லை. அடுத்த பள்ளிக்கு இரண்டு மணி நேர நடை. சின்னப் பிள்ளைகள் போக மாட்டார்கள். கொங்கிரீட் மறுநாள் போடுவதாக இருந்தது.

ஆசிரியர் சைமன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். கீழே உள்ள கறுப்பு மண் வீட்டைத் தாங்காது என்று நசேரியன் சொல்கிறாராம்.

"நீ படிச்ச ஆள், பிள்ளை," என்றார் அண்ணை. "இவையள் சொல்லச்சொல்ல இடம் மாத்தினா, கூரை போடாமத்தான் பிளேன் ஏற வேணும்."

"இவருக்கு எப்படித் தெரியும்?" என்று சைமனிடம் கேட்டேன்.

அவர் என்னை வியப்பாகப் பார்த்தார். "எங்களில் வீடு கட்டுவது பெண்கள்தானே. ஆண்களுக்கு அந்த வேலை தெரியாது."

இடத்தை நாங்கள் லண்டனில், பிளேஸ்டோவில் ஒரு மண்டபத்தில் இருந்து, செய்மதிப் படம் பார்த்துத் தெரிவு செய்தோம். மேடு பள்ளமில்லாத நிலம், பாதைக்குக் கிட்ட. கிராமத்தில் கூட்டத்துக்கு வந்த ஆண்கள் தலையாட்டினார்கள். பெண்களை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதுதான் எனக்கு உறைத்தது. என் அம்மாவும் அப்பாவும் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர்கள். எட்டு வயதிலிருந்து கவுன்சில் அலுவலகத்தில் அம்மாவுக்கு மொழிபெயர்த்தவள் நான். அங்குள்ளவர்கள் அம்மாவைப் பார்க்காமல், என்னைப் பார்த்தே பேசுவார்கள். அது எவ்வளவு சுடும் என்று தெரிந்த நான் அதையே இங்கே செய்திருந்தேன்.

3. இரண்டு குழிகள்

லண்டனில் ட்ரையல் பிட், மண்ணைச் சோதிக்கும் குழி, தோண்டாமல் ஒரு அத்திவாரமும் போட விடமாட்டேன். இங்கே சமதரை என்பதால் நம்பிவிட்டேன். இப்போது கீழே ஒரு குழி, மேலே ஒரு குழி தோண்டினோம்.

கீழே கறுப்புக் களி. காய்ந்த வெடிப்புக்குள் என் கை மணிக்கட்டு வரை போனது. நனைந்தால் ஊதி, காய்ந்தால் சுருங்கும் மண், சுவரைப் பிளந்துவிடும். மேலே ஒன்றரை அடியில் சிவப்புச் சரளை. இரும்பு அலவாங்குகூட இறங்க மாட்டேன் என்றது.

"அப்ப படம் பிழையெண்டு சொல்லப்போறியோ?"

"படம் சரி, அண்ணை. இடம் பிழை. அதுக்கு நான்தான் பொறுப்பு."

அவர் மேட்டுக் கட்டைகளிடம் நடந்தார். பிறகு, "டேப்பைப் பிடி. இவையின்ர மூலை எவ்வளவு விலகல் எண்டு பாப்பம்," என்றார்.

இரண்டு மூலைவிட்டங்களின் நீளத்தில் நான்கு விரல் வித்தியாசம்.

"வெறுங் கண்ணால நாலு விரல். என்ர பெடியள் லேசர் வச்சும் இதைவிடக் கூடப் பிழை விடுறவங்கள்."

நசேரியன் ஏதோ கேட்டார். மற்றப் பெண்களோடு அவரும் சிரித்தார். "கட்டை அடிக்க எத்தனை வருடம் படித்தாய் என்கிறார்," என்றார் சைமன்.

"பதினேழு வருடம்."

அதைக் கேட்டதும் நசேரியன் சிரிப்பை நிறுத்திவிட்டார். தன் மகளும் அவ்வளவு படிக்க வேண்டுமாம். அதனால்தான் விழாத சுவர் கேட்கிறாராம்.

இரண்டு நாள் பிந்தினோம். பெண்கள் கல் சுமந்தார்கள். அத்திவாரத்தில் எந்தக் கல் எங்கே என்றும் அவர்களே சொன்னார்கள். புறப்படும் நாள் காலையில்தான் கடைசித் தகரத்துக்கு ஆணி அடித்தோம். மழைக்காலம் முடிந்து சைமன் அனுப்பிய படங்களில் சுவரை ஒவ்வொரு அங்குலமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு வெடிப்பும் இல்லை.

4. கீழ்மூலைக் கட்டம்

கட்டி முடித்த கட்டடத்துக்குப் புதுப் படம் வரைந்து கொடுக்க வேண்டும். அதன் கீழ்மூலையில் வரைந்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலாவதில் என் பெயரை எழுதினேன். இரண்டாவதில் நசேரியன் என்று எழுதினேன்.

எங்களை அனுப்பிய லண்டன் கமிட்டியில் ஒருவர், "அவ எஞ்சினியரோ?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்க முன்னர் சிவா அண்ணை சொன்னார்: "இல்லை. எஞ்சினியரின்ர பிழையைப் பிடிச்சவ."

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் குழி தோண்டுங்கள். அதற்கும் முன்னர், அந்த ஊரில் வீடு கட்டுவது யார் என்று விசாரியுங்கள். என் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். பெருமையோடுதான் சொல்கிறேன். என் முதல் படத்தைச் சரிபார்த்தவர் பள்ளிக்கூடமே போகாதவர். அதையும் அதே பெருமையோடுதான் சொல்கிறேன்.