நின்ற தறிகளின் கணக்கு

என் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கிறது. கேட்பவர்களிடம் படியில் விழுந்தேன் என்று சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டேன். அண்ணன் தறி நாடாவால், ஊடை நூலை ஓட்டும் அந்த மரக்கட்டையால் அடித்தான், அதன் இரும்பு முனை கிழித்தது. ஊரில் காய்ச்சல் எப்போது உச்சத்துக்குப் போகும் என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு.

சிக்குன்குனியா எங்கள் ஆரணிக்குள் நுழைந்த வருடம் அது. நான் வேலூரில் எம்.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். நோய் பரவுவதற்கு வகுப்பில் ஒரு கணித மாதிரி சொல்லித் தந்திருந்தார்கள். ஊரை மூன்று கூட்டமாகப் பிரிக்க வேண்டும்: காய்ச்சல் வராதவர்கள், படுத்திருப்பவர்கள், படுத்து எழுந்தவர்கள். முதல் கூட்டம் எந்த வேகத்தில் இரண்டாவதற்குப் போகிறது என்று தெரிந்தால், மிச்சத்தைச் சமன்பாடு சொல்லிவிடும். அந்த வேகத்துக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரியில் கேட்டால் துரத்தினார்கள். ஆனால் எங்கள் ஊரில் ஒருவன் படுத்தால் அவன் வீட்டுத் தறி சத்தம் நின்றுவிடும். காலையில் பஸ்ஸுக்கு நடக்கும்போது நின்ற தறிகளை எண்ணினேன். அமாவாசைக்கு யாரும் நெய்ய மாட்டார்கள் என்பதால் அன்றைக்கு மட்டும் எண்ணவில்லை. பகலில் கடிக்கிற கொசு அது. தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க நெய்கிறவர்களைத் தேடி அது அலைய வேண்டியதே இல்லை. எண்ணியதைச் சமன்பாட்டில் போட்டு வரைபடம் வரைந்தேன்; கோடு விறுவிறுவென்று ஏறி, வரப்போகும் ஆவணிக் கடைசி வாரத்தில் உச்சியைத் தொட்டது.

அந்த வாரத்தில்தான் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு சேத்துப்பட்டு. தாலி ஏறியதும் படிப்பை நிறுத்திவிட வேண்டும் என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்தக் கல்யாணம் பிடிக்கவில்லை என்பது உண்மை. கணக்கும் உண்மை. இரண்டும் சேர்ந்து வந்து தொலைத்தன.

தேதியைத் தள்ளிப் போடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் தறியை விட்டுத் தலை நிமிரவில்லை. அண்ணன்தான் எழுந்து வந்தான்.

"இன்னாடி கணக்கு? எவன் சொல்லிக் குடுத்தான்?"

"காலேஜுல சொல்லிக் குடுத்தாங்கண்ணா. அந்த வாரம் பாதி ஊரு படுத்துகினு இருக்கும்."

"எவன்கூடயோ சுத்திகினு, காய்ச்சல் மேல பழி போடுறியா?"

தலைமயிரைப் பிடித்துத் தறிக்காலில் மோதினான். நான் அவன் மணிக்கட்டைக் கடித்தேன். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது, ஆனாலும் விடவில்லை. அப்போதுதான் நாடாவை எடுத்தான். அம்மா ஓடி வந்தாள். "மொகத்துல அடிக்காதடா, கல்யாணப் பொண்ணுடா" என்றாள். அடிக்காதே என்று சொல்லவில்லை. அண்ணனைக்கூட மன்னித்துவிடுவேன், அந்த வார்த்தையை மன்னிக்க முடியவில்லை. வரைபடத் தாள்களை அவன் கிழித்து அடுப்பில் போட்டான்.

தாள் எரிந்தால் காய்ச்சல் நிற்குமா? ஆவணிக் கடைசியில் எங்கள் தெருவில் சத்தமே இல்லை. அப்பா படுத்தார், அம்மா படுத்தாள், அண்ணன் பாயோடு பாயாகக் கிடந்தான். நான் ஆடியிலேயே படுத்து எழுந்திருந்ததால் மூவருக்கும் கஞ்சி காய்ச்சினேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சேத்துப்பட்டிலிருந்து ஆள் வந்தது. அங்கேயும் எல்லோரும் படுக்கை. கரிநாக்குப் பெண் தங்களுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அண்ணன் அன்று கத்திய கத்தல் அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

வந்த ஆள் படி இறங்கியதும் அண்ணன் சுவரைப் பிடித்து எழுந்தான். "உன்னாலதான்டி" என்று கையை ஓங்கினான். விரல்கள் வீங்கி விறைத்திருந்தன, முஷ்டி மடங்கவில்லை. விரித்த கையாலேயே என் கன்னத்தில் அறைந்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன்தான் அலறிக்கொண்டு உட்கார்ந்தான். நான் சிரித்தேன். தெருவுக்கே கேட்கும்படி சிரித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, அழுதுகொண்டே கேட்டான். "எப்பதான் சரியாவும்? உன் கணக்குல பாத்து சொல்லேன்."

ஊர் எப்போது எழும் என்று என் கணக்கு சொல்லும், ஓர் ஆளின் வலி எப்போது தீரும் என்று அதற்குத் தெரியாது. அதைப் பதமாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை.

"எவன் சொல்லிக் குடுத்தான்னு கேட்ட இல்ல? அவனையே போய்க் கேளு" என்றேன்.

கஞ்சியை அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வேலூர் பஸ்ஸுக்கு நடந்தேன். தெருக்கோடி வரை ஒரு தறிகூட ஓடவில்லை. நான் எண்ணவில்லை.